கோட்டை ஊர்களும் உராகாமி மக்களின் பயணமும்



2026 மார்ச் முதல் நாளிலிருந்து ஜப்பானின் ஹிமேஜி கோட்டைக்குள் நுழைய, பெரியவர்களுக்கு இரண்டு விதமான கட்டணம். அந்நகரில் குடியிருப்பவர் என்றால் 1,000 யென். மற்ற எல்லாருக்கும் 2,500 யென். வெண்கொக்குக் கோட்டை என்று ஜப்பானியர் அழைக்கும் ஹிமேஜி, 1993 இல் அந்நாட்டிலிருந்து முதன்முதலாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றவற்றுள் ஒன்று. அதுவரை உள்ளூராரும் வெளியூராரும் ஒரே 1,000 யென்தான் கொடுத்து வந்தார்கள்.

இச்செய்தியை நம் மக்களில் சிலர் கோபத்தோடு பகிர்ந்துகொண்டதைக் கண்டேன். வந்த விருந்தினரிடம் கூடுதலாகப் பறிக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால், ஹிமேஜி செய்தது அவ்வளவு பெரிய தவறாகத் தெரியவில்லை. 2024 இல் அந்நகர மேயர் முதலில் முன்வைத்த யோசனை, வெளிநாட்டவருக்கு மட்டும் பல மடங்கு கட்டணம் என்பது. கடைசியில் மாநகராட்சி அந்த வழியில் போகவில்லை. கடவுச்சீட்டைப் பார்க்காமல் குடியிருப்பைப் பார்த்தது. டோக்கியோவிலிருந்து வரும் ஜப்பானியரும் 2,500 யென் கொடுக்கிறார். ஹிமேஜியில் வேலை செய்து வரி கட்டி வாழும் வெளிநாட்டவர் 1,000 யென்தான் கொடுக்கிறார். நம் நாட்டில் தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நாம் அதிர்ச்சி அடைவதற்கு உரிமை குறைவு.

ஆனால் இச்செய்திக்குப் பின்னால் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. 2024 இல் ஜப்பானுக்கு வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 68 லட்சத்துக்கும் மேல். 2025 இல் அந்த எண்ணிக்கை முதன்முறையாக 4 கோடியைத் தாண்டியது. யென்னின் மதிப்பு குறைந்ததால், ஒரு காலத்தில் எட்டாத நாடாக இருந்த ஜப்பான், நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டுகிறது. 2024 மே மாதத்தில் ஃபுஜி மலையடிவாரத்து ஊர் ஒன்றில், ஒரு கடைக்குப் பின்னால் மலை தெரியும் காட்சியைப் படம் எடுக்க வந்த கூட்டத்தைத் தாங்க முடியாமல், சாலையோரத்தில் கறுப்புத் திரையே கட்டினார்கள். கியோட்டோவில் தங்கும் வரி 2026 மார்ச் முதல் ஓர் இரவுக்கு ஆளுக்கு 10,000 யென் வரை உயர்ந்தது. வருகிறவரை எப்படி வரவேற்பது என்பதைவிட, எப்படித் தடுத்து நிறுத்துவது என்பதே பல நகராட்சிகளின் கவலையாகிவிட்டது.

இப்படிக் கூட்டம் அலைமோதும் இடங்களில் பல, பழைய கோட்டை ஊர்கள். ஜோக்காமாச்சி என்று அவற்றுக்குப் பெயர். தாய்மியோ எனப்பட்ட சிற்றரசர் ஒருவர் நடுவில் கோட்டை கட்டுவார். அதைச் சுற்றி சாமுராய்களின் வீடுகள், அதற்கு அப்பால் வணிகரும் கைவினைஞரும் வாழும் தெருக்கள். ஊரின் விளிம்பில் கோயில்களை வரிசையாக வைப்பார்கள். பகைவர் வந்தால் அவையும் ஓர் அரண். யார் எங்கே வாழலாம், யார் எந்த வாசல் வரை வரலாம் என்பது தெருவின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். எதிரி நேரே வந்துவிடாதபடி தெருக்கள் அங்கங்கே முறித்துத் திருப்பப்பட்டிருக்கும். இன்று சுற்றுலாப் பயணிகள் கையில் வரைபடத்தோடு வழி தவறி நிற்பதும் அதே திருப்பங்களில்தான்.

ஹிமேஜி, கனசாவா, நகோயா, மாட்சுவே, மாட்சுயாமா, கோச்சி, ஹாகி, ஃபுக்குயாமா. கோட்டைகளைப் பார்க்க விரும்பும் பயணி தயாரிக்கும் பட்டியல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். 1868 க்கும் 1870 க்கும் இடையில் ஜப்பான் அரசும் இதே ஊர்களை வைத்து ஒரு பட்டியல் தயாரித்தது. நாகசாகிக்கு அருகே உராகாமி என்ற கிராமத்தின் கத்தோலிக்கர்களை எந்தெந்தக் கோட்டை ஊருக்கு நாடு கடத்துவது என்ற பட்டியல் அது.

உராகாமியின் வரலாற்றை நம்மில் பலர் ஓரளவு அறிவோம். குருக்கள் இல்லாமல், ஆலயம் இல்லாமல், இரண்டரை நூற்றாண்டுகள் மறைவாக நம்பிக்கையைக் காத்த மக்கள் அவர்கள். 1865 மார்ச் 17 அன்று நாகசாகியின் ஓவுரா ஆலயத்தில் பிரெஞ்சுக் குரு பெத்திழான் அவர்களை அணுகி, அன்னை மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டவர்கள் இவர்கள்தாம். உலகமெங்கும் திருச்சபை மகிழ்ந்த நிகழ்ச்சி அது. அதற்கு அடுத்து வந்தது குறைவாகவே பேசப்படுகிறது. வெளிப்பட்டதால் அவர்கள் பிடிபட்டார்கள். 1867 இல் கைதுகள் தொடங்கின. 1868 இல் ஷோகுன் ஆட்சி போய்ப் புதிய மெய்ஜி அரசு வந்தபோதும் தடைச் சட்டம் போகவில்லை. அந்த ஆண்டு தலைவர்களாகக் கருதப்பட்ட 114 பேரை மூன்று கோட்டை ஊர்களுக்கு அனுப்பினார்கள்: ஹாகிக்கு 66 பேர், சுவானோவுக்கு 28 பேர், ஃபுக்குயாமாவுக்கு 20 பேர். 1870 இன் தொடக்கத்தில் எஞ்சியவர்களையும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றினார்கள். மொத்தம் 3,394 பேர். ஊரே காலியானது. கனசாவாவுக்கு 500 க்கும் மேற்பட்டோர், நகோயாவுக்கு 375 பேர், ஹிமேஜிக்கு 45 பேர். அறுநூறுக்கும் அதிகமானோர் திரும்பவே இல்லை.

கனசாவாவுக்குச் சுற்றுலா செல்வோர் தவறாமல் போகும் இடம் ஹிகாஷி சாயா என்ற பழைய தேநீர் விடுதித் தெரு. அந்தத் தெரு முடியும் இடத்தில் ஏறத் தொடங்குவது உதாட்சு குன்று. உராகாமி மக்கள் அடைக்கப்பட்டிருந்தது அந்தக் குன்றில். அங்கே நினைவுக்கல் ஒன்று நிற்கிறது. கீழே தங்க இலை ஒட்டிய ஐஸ்கிரீம் வாங்க நிற்கும் வரிசை, மேலே ஏறுவதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. யாரும் சொல்லாவிட்டால் எவருக்குத் தெரியும்?

இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் சுவானோதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஷிமானே மாநிலத்தின் மேற்கு மூலையில், மலைகளுக்கு நடுவே ஓர் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர். மக்கள்தொகை ஏழாயிரம்கூட இல்லை. அருகிலுள்ள யமாகுச்சி நகரின் பக்கமிருந்து மலை இரயில் வருகிறது. புனித சவேரியார் 1551 இல் போதித்த அதே யமாகுச்சி. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்த கால்கள் அங்கேயும் நடந்தன. அங்கிருந்த சிற்றரசர் அவருக்குத் தங்கவும் போதிக்கவும் கைவிடப்பட்ட புத்தக் கோயில் ஒன்றைக் கொடுத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுவானோவில் தோனோமாச்சி என்ற சாமுராய் தெருவே முதல் காட்சி. வெள்ளைச் சுவர்கள், ஓரத்தில் ஓடும் வாய்க்கால், அதில் நூற்றுக்கணக்கில் கொழுத்த கெண்டை மீன்கள். ஐரிஸ் செடி பூக்கும் நாள்களில் தெரு முழுவதும் படம் எடுப்பவர்கள். மலைச் சரிவில் ஆயிரம் சிவப்பு வாயில்கள் வரிசையாக ஏறும் இனாரி கோயில். அதற்கும் மேலே, நாற்காலித் தூக்கியில் சென்று பின் நடந்தால், கோட்டையின் கற்சுவர்கள். கட்டடம் எதுவும் இல்லை. 1617 முதல் இந்த ஊரை ஆண்ட கமேய் குடும்பத்தின் கோட்டை 1874 இல் பிரித்தெடுக்கப்பட்டது. கீழே கடைகளில் கெஞ்ஜி மாக்கி என்ற இனிப்பு விற்கிறார்கள். மெல்லிய கேக் போன்ற மாவுக்குள் சிவப்புப் பயற்றம் பூரணம் வைத்துச் சுருட்டியது. ஒரு நாளில் பார்த்துவிட்டு மாலை இரயிலில் திரும்பிவிடலாம்.

அதே தோனோமாச்சி தெருவில் யோரோகான் என்ற பள்ளி இருக்கிறது. 1786 இல் கமேய் குடும்பம் நிறுவிய அரசுப் பள்ளி. சிறிய ஊர் என்றாலும் அதன் மாணவர்கள் பெரியவர்கள். மேலைநாட்டு மெய்யியலை ஜப்பானுக்கு அறிமுகம் செய்து, மெய்யியல் என்பதற்கே ஜப்பானியச் சொல்லை உருவாக்கிய நிஷி அமானே இங்கே படித்தவர். நவீன ஜப்பானிய இலக்கியத்தின் தூண்களுள் ஒருவரான மோரி ஓகாய் 1862 இல் இவ்வூரில் பிறந்து, சிறுவனாக இப்பள்ளிக்குச் சென்றவர். ஷிந்தோ மரபையும் பழைய ஜப்பானிய நூல்களையும் ஆய்ந்த அறிஞர்கள் இவ்வூரில் செல்வாக்கோடு இருந்தார்கள். புதிய அரசின் சமயக் கொள்கையை வகுத்ததில் சிற்றரசர் கமேய் கொரேமிக்கும் அவருடைய அறிஞர்களுக்கும் முக்கியப் பங்கு உண்டு. கிறிஸ்தவர்களை வெட்டிக் கொல்ல வேண்டாம், போதனையால் மனம் மாற்றலாம் என்பது அவர்களின் நிலைப்பாடு. அதனால்தான் இவ்வளவு சிறிய ஊருக்கு, மிக உறுதியானவர்கள் என்று கருதப்பட்டோரில் 28 பேர் முதலிலேயே அனுப்பப்பட்டார்கள்.

அவர்களை அடைக்கக் கிடைத்த இடம், ஊருக்கு வெளியே ஒத்தோமே தோகே, அதாவது கன்னிக் கணவாய் என்ற மலைச்சரிவில் கைவிடப்பட்டிருந்த ஒரு புத்தக் கோயில். சவேரியாருக்குக் கிடைத்ததும் அப்படி ஒன்றுதான்.

முதலில் நல்ல உணவு, பாய், மரியாதையான பேச்சு. போதகர்கள் வந்து மணிக்கணக்கில் விளக்கினார்கள். விவசாயிகளான கைதிகள் பதில் சொன்னார்கள். விவாதத்தில் போதகர்கள் வெல்லவில்லை. பிறகு உணவு குறைந்தது. பாய் போயிற்று. குளிர்காலம் வந்தது. மொரியாமா ஜின்சபுரோ என்ற இளைஞரை உறைந்த குளத்தின் பனிக்கட்டியை உடைத்து அதற்குள் இறக்கினார்கள். யசுதாரோ என்பவரை, ஒவ்வொரு பக்கமும் மூன்றடியே உள்ள மரக்கூண்டில் அடைத்துப் பனியில் வைத்தார்கள். எழுந்து நிற்கவும் முடியாது, நீட்டிப் படுக்கவும் முடியாது. இரவில் இரகசியமாக அவரைப் பார்க்கச் சென்ற ஜின்சபுரோவிடம், தமக்குத் தனிமை இல்லை என்றும், இரவுதோறும் அன்னை மரியாவைப் போன்ற நீல ஆடை அணிந்த பெண்மணி ஒருவர் வந்து ஆறுதல் சொல்கிறார் என்றும் அவர் கூறினாராம். ஜின்சபுரோ உயிரோடு திரும்பி எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளால் இவை நமக்குத் தெரிகின்றன.

மனம் தளர்ந்து கையெழுத்திட்டவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றி இங்கே இருந்துகொண்டு நான் ஒரு சொல்லும் சொல்லமாட்டேன்.

பின்னர் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. மொத்தம் 153 பேர். ஜின்சபுரோவின் தம்பி யூஜிரோவுக்கு வயது 14. நாள்கணக்கில் வதைக்கப்பட்டு இறந்த அச்சிறுவன், கூரையில் குருவி ஒன்று தன் குஞ்சுக்கு இரை ஊட்டுவதைக் கண்டு, கடவுள் தன்னையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தேறியதாகத் தன் சகோதரியிடம் சொன்னான். மோரி என்ற 5 வயதுச் சிறுமியிடம் அதிகாரி ஒருவர் இனிப்பைக் காட்டி, கிறிஸ்துவைப் பிடிக்கவில்லை என்று சொன்னால் தருவதாகச் சொன்னாராம். விண்ணகத்து இனிப்பு இதைவிட நல்லது என்று சொல்லி அவள் வாங்கவில்லை. பசியால் இறந்தாள். இவ்வூரில் இறந்தோர் 37 பேர். ஹிரோஷிமா மறைமாவட்டம் அவர்களுக்கு முத்திப்பேறு பட்டம் வேண்டி முயன்றுவருகிறது.

இவற்றைப் படிக்கும்போது எனக்கு அதிகமாக உறைப்பது கூண்டு அல்ல, பள்ளிக்கூடம். வதைத்தவர்கள் காட்டுமிராண்டிகள் அல்லர். நூல்களைக் கற்றவர்கள், சமயம் போதிப்பவர்கள், வன்முறை வேண்டாம் என்று வாதாடியே இப்பணியைக் கேட்டுப் பெற்றவர்கள். தங்கள் விளக்கம் தோற்றபோது, கேட்பவர்மீது கோபம் வந்தது. மறைபோதனையைத் தொழிலாகக் கொண்ட எவரும் இவ்விடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். நம் பக்கமும் கை சுத்தமாக இல்லை. ஜப்பானில் முதன்முதலில் திருமுழுக்குப் பெற்ற சிற்றரசர் ஓமுரா சுமிதாதா. அவருடைய ஆட்சிப்பகுதியில் 1574 இல் புத்தக் கோயில்களும் ஷிந்தோ ஆலயங்களும் அழிக்கப்பட்டன, மக்கள் திருமுழுக்குப் பெறக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். இதைச் சொல்லாமல் சுவானோவை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

1873 ஜனவரியில், நாடெங்கும் கோட்டைகளைக் கலைக்கும் ஆணையை மெய்ஜி அரசு பிறப்பித்தது. அதே ஆண்டு பிப்ரவரி 24 அன்று, கிறிஸ்தவத்தைத் தடைசெய்யும் அறிவிப்புப் பலகைகளை அகற்றியது. இரண்டாவது ஆணைக்குக் காரணம் இரக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்ற இவாகுரா தூதுக்குழு, போகுமிடமெல்லாம் இந்த நாடுகடத்தலைப் பற்றிய கண்டனத்தைச் சந்தித்தது. வெளியுலகம் பார்த்துக்கொண்டிருந்ததால் கைதிகள் வீடு திரும்பினார்கள்.

திரும்பியவர்களுக்கு வீடும் இல்லை, நிலமும் பாழ். ஆண்டுதோறும் திருவுருவத்தை மிதிக்கும்படி தங்களைக் கட்டாயப்படுத்திய ஊர்த்தலைவரின் வீட்டு மனையையே விலைக்கு வாங்கி, அங்கே ஆலயம் எழுப்பினார்கள். அதுவே 1914 இல் நிறைவடைந்த உராகாமி பேராலயம். 1945 ஆகஸ்டு 9 அன்று அணுகுண்டு அதன் அருகிலேயே வெடித்தது.

அந்த நாடுகடத்தலுக்கு உராகாமி மக்கள் வைத்த பெயர் 'தாபி'. ஜப்பானிய மொழியில் அதன் பொருள் பயணம். நாம் விடுமுறைக்குப் போகிறோமே, அதற்கும் அதே சொல்தான். தண்டனை என்றோ சிறை என்றோ அவர்கள் சொல்லவில்லை. பயணம் போன காலம், பயணத்தில் இறந்தவர், பயணத்திலிருந்து திரும்பியவர் என்றே பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். இந்த ஒரு சொல்லுக்காகவே சுவானோவைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. நான்கு கோடிப் பேர் பயணம் போகும் நாட்டில், அதே கோட்டை ஊர்களுக்கு, நுழைவுச்சீட்டு இல்லாமல், விருப்பமும் இல்லாமல் போன 3,394 பயணிகள் இருந்தார்கள். இன்று வருகிறவரைத் தடுக்கத் திரை கட்டும் ஊர்கள், அன்று வந்தவரைத் திரும்பவிடாமல் வைத்திருந்தன.

இதில் சுவானோவைப் பாராட்ட வேண்டிய ஒன்று உண்டு. அது மறைக்கவில்லை. தன் ஊர் செய்த கொடுமையை மறக்கும் வசதி எல்லா ஊர்களுக்கும் உண்டு. தோனோமாச்சிச் சாமுராய் தெருவின் நடுவிலேயே 1931 இல் கட்டிய கத்தோலிக்க ஆலயம் நிற்கிறது. வெளியே கோதிக் பாணி, உள்ளே இருக்கைகளுக்குப் பதில் ததாமிப் பாய்கள். பக்கத்திலேயே கணவாயின் கதையைச் சொல்லும் சிறு காட்சிக்கூடம். மோரி ஓகாய் சிறுவனாக இருந்தபோது கைதிகள் நடந்துபோகும் தூரத்தில் இருந்தார்கள். அவ்வளவு எழுதிய அவர் இதைக் கருப்பொருளாக்கி ஒரு படைப்பும் எழுதவில்லை. அவர் எழுதாததை அவ்வூர் தன் வழிகாட்டிப் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறது.

கணவாயில் இப்போதுள்ள சிற்றாலயத்தை 1951 இல் கட்டியவர் பாவுல் நேபெல் என்ற ஜெர்மானிய இயேசு சபைக் குரு. பின்னர் ஜப்பானியக் குடியுரிமையும் ஜப்பானியப் பெயரும் பெற்று அந்நாட்டவராகவே ஆனவர். ஆண்டுதோறும் மே 3 அன்று, தோனோமாச்சி ஆலயத்திலிருந்து அன்னையின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு, கெண்டை மீன் வாய்க்கால் ஓரமாக, மலைமேல் பவனி செல்கிறார்கள். கணவாயில் திறந்த வெளியில் திருப்பலி. ஜப்பானின் பல மறைமாவட்டங்களிலிருந்தும் வருகிறார்கள்.

ஹிமேஜிக்கு அளவுக்கு மீறிக் கூட்டம். சுவானோவுக்கோ ஆள் போதவில்லை. இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விட்டார்கள். 2013 ஜூலையில் பெருவெள்ளம் வந்து இரயில் பாலங்களை அடித்துச் சென்றபோது, பாதை முழுவதும் சீராகி இரயில் ஓட ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டு கடைக்காரர்கள் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள். இத்தகைய ஊருக்கு வரும் பயணி சுமை அல்லர். வரி உயர்வைப் பற்றிய வாதங்கள் கியோட்டோவையும் ஹிமேஜியையும் மட்டும் வைத்து நடப்பதால், நாடு முழுவதுமே விருந்தினரால் திணறுவதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் கூட்டம் ஒருசில தெருக்களில் குவிகிறது. மற்ற தெருக்களில் கடைகள் மூடிக்கொண்டிருக்கின்றன. கட்டணத்தை உயர்த்துவதால் மட்டும் கூட்டம் அங்கிருந்து இங்கே வந்துவிடாது. வருவதற்கு ஒரு காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் ஜப்பானில் வேலை செய்வதால் நம் பங்குகளிலிருந்தும் பெற்றோர் சிலர் அங்கே சென்று வருகிறார்கள். போகிறவர்களுக்காக ஒரு குறிப்பு. ஷின்-யமாகுச்சி நிலையத்தில் புல்லட் இரயிலிலிருந்து இறங்கி, யமாகுச்சி கிளைப் பாதையில் மாற வேண்டும். இரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சுவானோ நிலையத்திலிருந்து கணவாய்க்குப் பதினைந்து நிமிட நடை. கடைசிப் பகுதி மரங்களுக்கு நடுவே மலைப்பாதை, மழை நாளில் வழுக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை. ஜின்சபுரோவை இறக்கிய குளம் அங்கேயே இருக்கிறது. அதைத் தாண்டினால் கூண்டுக்குள் அமர்ந்திருக்கும் யசுதாரோவும் அருகில் அன்னையும் உள்ள சுரூபம்.